மீன் நீரில் வளரும் பயிரின் ஆரோக்கியம்

கொல்லி மலையில் காப்பியும் மிளகும் பயிரிடும் குடியானவர்களுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை பழகிய மருந்தாகும். ஆனால் மீன் வளரும் தொட்டியின் நீரையே உரமாகக் கொண்டு, மண்ணின்றிக் கீரை, காய்கறிகளைப் பயிரிடும் முறையில் அம்மருந்தே நஞ்சாகிவிடும். தாமிரம் சிறிதளவு நீரிற் சேரினும் மீன்கள் மடியக்கூடும். மீன் மடிந்தால் பயிருக்கு உரமும் இல்லை. ஆகவே இம்முறையை மேற்கொள்வோர், இலையின்மேல் மருந்து தெளிப்பதை நம்பாமல், நீரைப் பேணி நோயைத் தவிர்க்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளுதல் இன்றியமையாதது.

மீனின் கழிவில் தோன்றும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அதுவே பயிரின் முக்கிய உணவு. இந்நுண்ணுயிர்கள் செவ்வையாய் வேலை செய்வதற்கு 17 முதல் 34 டிகிரி சென்டிகிரேடு வரை உஷ்ணம் வேண்டும். கடல் மட்டத்துக்குமேல் சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ள கொல்லி மலையில், மார்கழி, தை மாதங்களின் குளிரில் அவை மந்தமடையும். மீனும் குறைவாகவே இரை தின்னும். அக்காலத்தில் பயிர் வெளுத்ததென்று இரையைக் கூட்டுவது பெருந்தவறு. தின்னாத இரை அழுகி அம்மோனியாவைப் பெருக்கும். தொட்டியை மூடிக் குளிரைத் தடுத்து, நாற்றின் எண்ணிக்கையைக் குறைப்பதே தக்கது.

மீனின் இரையிலிருந்து பயிருக்கு வேண்டிய சத்துக்களிற் பெரும்பாலானவை கிடைப்பினும், இரும்பு, சுண்ணாம்பு, பொட்டாஷ் ஆகிய மூன்றும் குறைவுபடும். இளந்தளிரில் நரம்பு பச்சையாயிருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் இரும்புக் குறைவென்று அறியலாம். வர்ஜின் தீவுகளின் சர்வகலாசாலையில் ஜேம்ஸ் ரகோசி என்னும் ஆராய்ச்சியாளர் நடத்திய பரிசோதனைகளில், நீரில் கரைந்து நிற்கும் கீலேட் இரும்பு, 3 வாரங்களுக்கு ஒரு முறை, லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு சேரும் அளவில் இடப்பட்டது. சுண்ணாம்புக் காரத்தையும் பொட்டாஷ் காரத்தையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, நீரின் பி.எச். எண் 7-ஐ ஒட்டி நிறுத்தப்பட்டது. காரம் மிகுந்த நீரில், இரும்பு இருந்தும் பயிர் அதனை ஏற்காது.

வேர் வெண்மையாயிருப்பது ஆரோக்கியத்தின் அறிகுறி. அது பழுத்துக் கொழகொழப்பானால், பிராணவாயுக் குறைவும் வேர் அழுகலும் இருப்பதாகக் கருத வேண்டும். கழிவு வண்டலைத் தனித்தொட்டியில் படியவைத்து அகற்றுவதும், நீரில் இடைவிடாது காற்றுப் புகுத்துவதும் அதற்குப் பரிகாரம். பூச்சிகளுக்கு வலை கட்டுதல், அசுவினி கண்ட இலையைக் கிள்ளியெறிதல், பொறிவண்டுகளைக் காத்தல் ஆகியவை போதும். சோப்புச் சேர்ந்த வேப்பெண்ணெய்க் கரைசலும் தொட்டியில் விழலாகாது.

மருந்துச் செலவே இல்லையென்று இம்முறையைப் புகழ்வோர் பாதியையே கூறுகின்றனர். மருந்துக்குப் பதிலாக நாள்தோறும் கவனமும், தடையற்ற மின்சாரமும் வேண்டும். நல்ல மண்ணும் ஊற்று நீரும் வாய்த்த பள்ளத்தாக்கு வயல்களுக்கு இது அவசியமன்று. பாறைப்பாங்கான இடத்தில் வீட்டருகே காய்கறி வேண்டுவோருக்கே உகந்தது. அம்மோனியாவையும் பி.எச். எண்ணையும் சோதிக்கும் சாதனம் கைவசமில்லாதவரை இதில் முதலிடுமாறு கிராம அதிகாரிகள் தூண்டலாகாது. விரும்புவோர் முதலில் ஒரு சிறு தொட்டியில் தொடங்கி, ஒரு குளிர்காலத்தைக் கடந்தபின் விரிவுபடுத்துவதே விவேகம்.