பாதியில் சேர்பவரும் பார்ட்டிதான்

டி அண்ட் டி விளையாட்டின் 2024 விதிகளிலிருந்து எடுத்த திறந்த தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.2 கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 2025 ஏப்ரல் 22 அன்று வெளியானது. அன்றிலிருந்து நம் வாசகர்களான கேம் மாஸ்டர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2014 விதிகளில் ஓடும் கேம்பெயினில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால், அவருடைய கேரக்டரை எந்த விதிகளில் போடுவது?

புதிய விதிகளிலேயே போடுங்கள் என்பது நம் நிலை. இன்று ஆட வருகிறவர் கையில் கிடைப்பது 2024 புத்தகம், அல்லது இலவசமாக இறக்கிய எஸ்.ஆர்.டி. பழைய புத்தகத்தைத் தேடிப் பிடித்து வா என்று அவரிடம் சொல்வது, வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவதற்குச் சமம். சிக்கல் வருவது பழையவர்களிடம்தான். புதியவருக்கு முதல் லெவலிலேயே பேக்கிரவுண்ட் வழியாக ஆரிஜின் ஃபீட் கிடைக்கிறது. ஃபைட்டர் என்றால் வெப்பன் மாஸ்டரியும் உண்டு. "நாங்க ரெண்டு வருசமா ஆடுதோம், நேத்து வந்தவருக்கு மட்டும் ஃபீட்டா?" என்ற குரல் எங்கள் சங்கரன்கோவில் மேசையிலும் எழுந்தது. நியாயமான குரல். ஃபீட் இல்லாத பழைய பேக்கிரவுண்டோடு வருபவர் ஓர் ஆரிஜின் ஃபீட்டைத் தேர்ந்துகொள்ளலாம் என்று புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கே வழி சொல்கிறது. அடுத்த லெவல் ஏறும்போது எல்லோருக்கும் அதைக் கொடுத்துவிடுங்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடியாத பேச்சு லெவலைப் பற்றியது. பார்ட்டி ஐந்தாம் லெவலில் இருக்க, புதியவரை "உழைத்து மேலே வரட்டும்" என்று முதல் லெவலில் உட்கார வைக்கும் வழக்கம் இன்னும் பல மேசைகளில் இருக்கிறது. எட்டு ஹிட் பாயின்ட் உள்ள முதல் லெவல் விசார்டை எடுத்துக்கொள்வோம். எதிரி ஒரு ஃபயர்பால் போடுகிறான்: எட்டு ஆறுமுக டைஸ், சராசரி 28. சேவிங் த்ரோ தவறினால் எட்டும் போய், மிச்சம் 20. அது அவருடைய அதிகபட்ச ஹிட் பாயின்டைத் தாண்டுகிறது. டெத் சேவுக்குக்கூட வழியில்லை, அங்கேயே சாவு. பக்கத்தில் நின்ற ஃபைட்டர் அதே தீயைத் தாங்கிக்கொண்டு அடுத்த அடிக்குத் தயாராகிறார். வந்த முதல் நாளே கேரக்டர் ஷீட்டைக் கிழித்துவிட்டு வீடு திரும்புகிறவர் மறுவாரம் வருவாரா? உயர்ந்த லெவலில் தொடங்குவதற்கான அட்டவணை புதிய விதிகளில் தெளிவாக இருக்கிறது: ஐந்து முதல் பத்தாம் லெவல் வரை வழக்கமான உபகரணங்களுடன் 500 பொன்னும், அவற்றோடு ஒரு பத்துமுக டைஸில் விழும் எண்ணை 25ஆல் பெருக்கிய பொன்னும், ஒரு காமன், ஒரு அன்காமன் மந்திரப் பொருளும். அதை அப்படியே கொடுங்கள். மேசையின் லெவல்தான் புதியவரின் லெவல்.

கதைக்குள் அவரைக் கொண்டுவருவதற்கு நம் ஸ்பெஷல் நாடகக்காரர்களைவிட நல்ல ஆசான்கள் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர், ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. ஆனாலும் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கிறது. யாருக்கு யார் என்ன உறவு என்பது கதையிலேயே கட்டிக் கிடக்கிறது. புதியவரின் சுருதியை ஆர்மோனியக்காரர் பிடித்துக்கொள்கிறார். நாமும் அப்படி முன்கூட்டியே உறவைக் கட்டித் தர வேண்டும். மதுக்கடையில் மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்நியன் போதும், இனி வேண்டாம். எங்கள் மேசையில் புதிதாக வந்த கிளெரிக்கை, ஏற்கெனவே இருந்த பாலடினோடு எங்கள் ஊர் சங்கன், பதுமன் கதைப்படி இணைத்தோம்: என் தெய்வமா உன் தெய்வமா பெரிது என்று சண்டையிட்டுக்கொண்டே சேர்ந்து அலையும் இருவர். முதல் செஷனிலேயே அவர்களுக்குப் பேசப் பொருள் இருந்தது.

இத்தனையும் செய்தாலும் ஓர் இடத்தில் தடுக்கிறது. அந்தக் கிளெரிக்கை ஆடுபவரால் ஆங்கிலத்தில் இருக்கும் ஷீட்டைப் படிக்க முடியவில்லை. கதை சொல்வதில், பேரம் பேசுவதில், வேடத்துக்குள் நிற்பதில் எங்களில் யாரும் அவருக்கு ஈடில்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் பக்கத்தில் இருப்பவரிடம் "இது என்ன செய்யும்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர் முறை வரும்போது மேசையே அவருக்காக முடிவெடுக்கத் தொடங்கிவிடுகிறது. ஐந்தாம் லெவல் கொடுத்து என்ன பயன்? மொழி அவரைத் திரும்பவும் எடுபிடி ஆக்கிவிடுகிறது.

விதிகள் தமிழில் வேண்டும் என்று நாம் வெகுகாலமாகச் சொல்லி வருகிறோம். எஸ்.ஆர்.டி.யை பிரெஞ்சு, இத்தாலியன், ஜெர்மன், ஸ்பானிஷ் மொழிகளில் விளையாட்டை வெளியிடும் நிறுவனமே தருகிறது. தமிழில் இல்லை, இந்திய மொழி எதிலும் இல்லை. 2023 சனவரியில் ஓ.ஜி.எல். என்ற பழைய உரிமத்தை மாற்ற முயன்ற விவகாரத்தில் ஆங்கில வாடிக்கையாளர்கள் கொதித்தபோது, அந்த மாதம் முடிவதற்குள் இறங்கிவந்து 5.1-ஐக் கிரியேட்டிவ் காமன்ஸில் போட்டார்கள். 2024 ஆகஸ்டில் தங்கள் டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் பழைய ஸ்பெல்களை மாற்றப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். கேட்கும் காது அவர்களுக்கு உண்டு. நம் பக்கம்தான் திரும்பவில்லை.

நம் தமிழ்நாட்டு அரசு மட்டும் என்ன செய்தது? இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2022இல் அவசரச் சட்டம் போட்டது. வேண்டிய சட்டம்தான், நமக்கு மறுப்பில்லை. ஆனால் தடுப்பதற்குக் காட்டிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வளர்ப்பதற்குக் காட்டக்கூடாதா? தமிழில் பேசி, தமிழில் கணக்குப் போட்டு, நான்கு மணி நேரம் தமிழிலேயே கதை கட்டும் விளையாட்டு இது. தமிழ் வளர்ச்சி என்று பெயர் வைத்த எந்த அலுவலகமும் இதைத் தன் வேலையாக நினைத்ததில்லை. நூலக அலமாரியில் இதற்கு ஒரு சாண் இடம்கூட இல்லை.

இனி யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. உரிமக் குறிப்பை அச்சிட்டால் யாரும் மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். எஸ்.ஆர்.டி. மொத்தம் 350 பக்கங்களுக்கு மேல், 12 கிளாஸ். முழுவதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். கேரக்டர் உருவாக்கும் பகுதி, நான்கு பேக்கிரவுண்ட், ஒன்பது இனங்கள், முதல் மூன்று லெவல் ஸ்பெல்கள் ஆகியவை முதலில் வரட்டும். வாசகர்கள் ஆளுக்கு ஒரு கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். கிளெரிக்கை சங்கரன்கோவில் மேசை எடுத்துக்கொண்டது. எந்த கிளாஸ் உங்களுடையது என்பதை அடுத்த இதழுக்குள் எழுதி அனுப்புங்கள்.