எரிந்த மலையும் எஞ்சிய மரமும்

வருசநாட்டு மலைகளில் பிறக்கும் மூல வைகை மயிலாடும்பாறை வழியே இறங்கி வருகின்றது. மலைக்காடு எரிந்தால் ஆற்றுக்கு என்னாகும் என்பதை இவ்வூர் உழவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட தீ, மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் கவர்ந்தது. அத்துயரம் பலராலும் பேசப்பட்டது. தீ அவிந்த பின் மலை எவ்வாறு மீள்கின்றது என வினவுவோர் சிலரே. எரிந்த இடத்தில் உடனே மரக்கன்று நட வேண்டும் என்பதே நம்மிற் பலரின் எண்ணம். மரம் நடுதலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறமெனப் போற்றினார்கள். ஆயின் பயன்தரும் மரங்களை வெட்டலாகாது எனக் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் படையினர்க்கு ஆணையிட்டதையும் நாம் நினைதல் வேண்டும். நடுவதற்கு முன் நிற்பதைக் காத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

கோடைத்தீ பெரும்பாலும் புல்லையும் சருகையும் பற்றித் தரையோடு ஓடுவது. மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலின் சில அங்குல ஆழத்தில் வேர்களும் பூஞ்சை இழைகளும் பிழைத்திருக்கும். வேங்கை, தேக்கு முதலிய தடித்த பட்டையுடைய மரங்கள் கரிந்து நின்றும் மழை கண்டு துளிர்ப்பதுண்டு. வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை, மயிரினும் மெல்லிய இழைகளால் மணிச்சத்தையும் நீரையும் திரட்டி மரத்துக்கு அளிக்கும். மரம் தான் சமைத்த சர்க்கரையை அதற்கு ஈயும். இவ்வுறவுக்கு 1885இல் பெயர் சூட்டியவர் செருமானிய அறிஞர் பிராங்க். மரமின்றி இப்பூஞ்சை நெடிது வாழாது. எனவே பிழைத்த மரமொன்று, பின்வரும் நாற்றுகளுக்கு வேண்டிய பூஞ்சையைத் தன் காலடியில் காத்து நிற்கின்றது. (மரங்கள் பூஞ்சை வழியே பேசிக்கொள்கின்றன என்பாரும் உளர், அதற்குச் சான்று போதாது.)

கருகியதெனக் கருதி அம்மரத்தை வெட்டுவதும், எந்திரத்தால் மண்ணைப் புரட்டுவதும், தீ விட்டுவைத்ததை நாமே அழிப்பதாகும். புரண்ட மண் முதல் மழையிலேயே சாம்பலோடு கரைந்து வைகை அணை நோக்கிச் செல்லும்.

மேகமலையின் சோலைக்காடுகள் நிலை வேறு. தீப் பழகாத அம்மரங்கள் எரிந்தால் எளிதில் மீளா. அங்கு நாற்று நடத்தான் வேண்டும். எரியாத சோலையின் மண்ணைச் சிறிது நாற்றங்காலில் கலந்து வளர்த்தல் நன்று.

பிற இடங்களில் நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், வனத்துறையினரின் இசைவோடு, ஒரு மழைக்காலம் கழித்துத் துளிர்த்த மரங்களை எண்ணி வரட்டும். ஆடுமாடுகள் அங்குப் புகாமல் காக்கவும், அடுத்த மாசிக்குள் தீத்தடுப்புக் கோடு அமைக்கவும் ஊர்ப் பெரியோர் துணை நிற்கட்டும். குழி தோண்டுவது அதற்குப் பின்.