மலை வாடகை என்னும் மாயை

வாடகைச் சொத்தில் முதன்முறை பணம் போட விழைவோர், நகரத்து விலைக்கு அஞ்சி நிற்பதை விடுத்து, ஜவ்வாது மலையில் மலிவாக நிலம் வாங்கி உல்லாசப் பிரயாணிகளுக்கு விடுதி கட்டினால் வருமானம் நிச்சயம் என்று நண்பர் ஒருவர் உபதேசித்திருக்கிறார். அந்த மலிவின் காரணத்தை அவர் விசாரிக்கவேயில்லை.

அம்மலையில் பெரும் பரப்பு காப்புக் காடு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மலையாளிப் பழங்குடியினர் பெற்ற நிலமோ, வாரிசுகளுக்குச் செல்லுமேயன்றி எவருக்கும் விற்கவோ மாற்றவோ இயலாதது. அதைப் பினாமிப் பெயரில் வாங்குகிறவர் விலை கொடுத்து வாங்குவது வீட்டையன்று, வழக்கை.

தோஷமற்ற பட்டா நிலமே கிடைத்தாலும், 40 லட்சம் ரூபாய் செலவிட்ட வீடு மாதந்தோறும் தவறாமல் 10,000 ரூபாய் ஈட்டினால்கூட வருஷத்துக்கு மூன்று சதவிகிதமே; அம்மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்கு வரும் பிரயாணிகளோ கோடை விழாவுக்கும் விடுமுறைக்கும் வந்து மறைபவர்கள்.

புதியவர்கள் திருப்பத்தூரிலோ திருவண்ணாமலையிலோ, குடித்தனக்காரர் வருஷம் முழுவதும் கிடைக்கும் வீடொன்றை, வில்லங்கச் சான்று பார்த்து வாங்கி, 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். மலை நிலத்தை மலைமக்களிடமே விட்டுவிடுங்கள்.