வெற்றிடங்களின் இலக்கணம்

அலுவலகங்களில் நாள்தோறும் உருவாகும் ஆவணங்களில் பெரும்பகுதி புதிதாக எழுதப்படுபவை அல்ல. வாடகை ஒப்பந்தம், பணி நியமன ஆணை, நன்னடத்தைச் சான்றிதழ், கிரயப் பத்திரம் என எதை எடுத்துக்கொண்டாலும், மாறாத வாசகமும் ஆளுக்கு ஆள் மாறும் சில விவரங்களும் சேர்ந்ததே அந்த ஆவணம். மாறாததை நிலையாக வைத்து, மாறுவனவற்றுக்கு மட்டும் இடம் ஒதுக்கித் தரும் முன்மாதிரிக் கோப்பே சொற்செயலியில் வார்ப்புரு எனப்படுகிறது. அதன்மேல் சொடுக்கினால் மூலக் கோப்பு திறப்பதில்லை. அதன் நகலாகப் புதிய ஆவணம் ஒன்று உருவாகிறது, மூலம் கைபடாமல் இருக்கிறது.

இவ்வசதி பல்லாண்டுகளாக இருந்தும், சென்ற மாதத்துக் கோப்பைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, வேறு பெயரில் சேமிக்கும் பழக்கமே இன்றும் பரவலாக உள்ளது. முதல் பக்கத்தில் திருத்தப்பட்ட பெயர் நான்காம் பக்கத்தில் பழையபடியே நின்றுவிடுவது இப்பழக்கத்தின் இயல்பான விளைவு. அதனால் அலைக்கழிக்கப்படுபவர் தட்டச்சு செய்தவர் அல்லர். அந்தத் தாளை நம்பி வங்கிக்கோ பதிவு அலுவலகத்துக்கோ செல்பவரே. ஒரு விவரம் ஓரிடத்தில் மட்டுமே உள்ளிடப்பட வேண்டும், தேவைப்படும் இடங்களிலெல்லாம் அது தானே போய் அமர வேண்டும் என்பதே தரவு உள்ளீட்டுப் படிவத்துடன் கூடிய வார்ப்புருவின் அடிப்படை விதி.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் இவ்விதியை நிறைவேற்றும் வழிகள் படிப்படியாக வளர்ந்தவை. தொடக்கத்தில் வந்த படிவப் புலங்கள், ஆவணத்தின் பிற பகுதிகளைப் பூட்டிவிட்டு, நிரப்ப வேண்டிய இடங்களில் மட்டும் எழுத அனுமதித்தன. அவற்றின் தெரிவுப் பட்டியலில் 25 உருப்படிகளுக்கு மேல் இடமில்லை. வேர்டு 97 பதிப்பில் விசுவல் பேசிக் நிரல்மொழி சேர்ந்தபின், புதிய ஆவணம் உருவாகும்போதே ஒரு சாளரம் தோன்றி, விவரங்களை வரிசையாகக் கேட்டு, அவற்றை உரிய இடங்களில் பொருத்துமாறு செய்வது இன்னும் எளிதாயிற்று. இவ்வாறு ஒரு தொடர் செயலைத் தானாக நடத்தும் சிறு நிரலே மேக்ரோ. வேர்டு 2007 பதிப்பில் அறிமுகமான உள்ளடக்கக் கட்டுப்பாடுகள், அதாவது உரை, தேதி, தெரிவுப் பட்டியல் போன்றவற்றுக்கான வரையறுத்த கட்டங்கள், கோப்புக்குள் இருக்கும் தரவுப் பகுதியோடு பிணைக்கத் தக்கவை. ஒரே தரவோடு பிணைக்கப்பட்ட கட்டங்களுள் ஒன்றில் பெயரை மாற்றினால், மற்ற அனைத்திலும் அது தானாகவே மாறிவிடும். இதற்கு மேக்ரோ தேவையில்லை.

மேக்ரோ இல்லாமல் முடிவதை அது இல்லாமலே முடிப்பது நல்லது. வேர்டின் பொது வார்ப்புருவைத் தொற்றிப் பரவிய கான்செப்ட் என்னும் மேக்ரோ நச்சுநிரல் 1995ஆம் ஆண்டிலும், மின்னஞ்சல் வழியே பரவிய மெலிசா 1999 மார்ச்சிலும் வெளிப்பட்டன. 2022ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், இணையத்திலிருந்து பெறப்படும் கோப்புகளில் மேக்ரோக்கள் இயங்குவதை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. ஆகவே மேக்ரோவை நம்பி நிற்கும் வார்ப்புரு, மின்னஞ்சலில் அடுத்த அலுவலகத்துக்குச் சென்றதும் செயலற்றுப் போகக்கூடும்.

தமிழில் வார்ப்புரு அமைப்பவருக்குக் கருவியைவிட மொழியே பெரிய சோதனை. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் எந்த இடத்தில் வந்தாலும் உருமாறாது. தமிழிலோ வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி அதன் ஈற்றையே மாற்றுகிறது. மதுரை மதுரையில் ஆகிறது, கரூர் கரூரில் ஆகிறது, சேலம் சேலத்தில் ஆகிறது. ஊர்ப்பெயருக்கான கட்டத்தை அடுத்து 'இல்' என்று அச்சிட்டு வைத்தால் 'சேலம்இல்' என்ற பிழையே கிடைக்கும். இதற்கான தீர்வு நிரலில் அன்று, வாக்கிய அமைப்பில் உள்ளது: வெற்றிடத்தில் பெயர் எழுவாய் வடிவிலேயே நிற்க, உருபை அதற்குப் பின்வரும் நிலையான சொல் ஏற்க வேண்டும். 'சேலம் மாவட்டத்தில்', 'முத்துசாமி அவர்களுக்கு', 'கண்ணன் என்பவரிடம்' என்னும் தொடர்களில் பெயர் எதுவாயினும் வாக்கியம் குலைவதில்லை. பத்திர வாசகங்களில் 'என்பவர்', 'அவர்கள்' போன்ற சொற்கள் இந்த வேலையைக் கணினிக்கு முன்பே செய்து வந்திருக்கின்றன. அவ்வாறே, 'விண்ணப்பித்துள்ளார்' என்னும் மரியாதை வினைமுற்று ஆண், பெண் இருவருக்கும் பொருந்துவதால் பால் வேறுபாடு வாக்கியத்தை இடறுவதில்லை. மகன், மகள், மனைவி என்னும் உறவைத் தெரிவுப் பட்டியலில் வைத்தால் போதும்.

பெயர்க் கட்டத்திலும் இதே கவனம் வேண்டும். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்துக் கேட்கும் அயல்நாட்டுப் படிவத்தை அப்படியே எடுத்தால், தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் தமிழர் தம் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக நிரப்ப நேர்கிறது. பிறகு ஒவ்வொரு சான்றிதழிலும் ஒவ்வொரு வகையாகப் பெயர் அமைந்து, அப்பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிப்பவை என்று நிறுவும் சுமை அவர்மேல் விழுகிறது. தலைப்பெழுத்து, பெயர், தந்தை பெயர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருந்தால் இத்தொல்லை எழாது. எழுத்துருவும் கவனிக்கத் தக்கது: மூல வாசகம் பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருவில் இருந்தால், ஒருங்குறியில் உள்ளிடப்படும் விவரம் அதனோடு சேராது என்பதால், முதலில் வாசகம் முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றிவிட வேண்டும்.

வார்ப்புரு அமைப்பதைக் கணினிப் பிரிவின் வேலை என்று ஒதுக்கிவிடுவது தவறு. எந்த விவரம் மாறும், எது மாறக் கூடாது, எதைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும் என்பவை அந்த ஆவணத்தை நாளும் கையாளும் எழுத்தருக்கே தெரியும். அவரும் தமிழறிந்த ஒருவரும் உடனிருந்து வாசகத்தை முடிவு செய்தபின், மெய்யீற்றுப் பெயர், உயிரீற்றுப் பெயர், நீண்ட பெயர், தலைப்பெழுத்து இல்லாத பெயர் என ஒவ்வொரு வகையையும் நிரப்பிப் பார்த்து, வரும் தாளை வாய்விட்டுப் படித்த பிறகே வார்ப்புருவைப் பயன்பாட்டுக்கு விட வேண்டும். அதிலுள்ள ஒரு பிழை ஒருவருடைய தாளோடு முடிவதில்லை. அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு தாளிலும் அது திரும்ப வரும். ஒருமுறை சரியாக அமைத்த வாசகமும் அவ்வாறே ஒவ்வொருவருக்கும் பயன்படும் என்பதால், இந்த வேலைக்குச் செலவிடும் உழைப்பு பொதுமக்களுக்குச் செய்யும் நேரடித் தொண்டாகவே மதிக்கப்பட வேண்டும்.