பள்ளிக்கூடமா? பிள்ளைப் பட்டியா?

ரயில் ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல் கண்டால், "இன்று ரயில் போகாது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்" என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லுவதில்லை. வேறொருவர் வந்து ஓட்டுகிறார். லீவில் போகிறவர்களுக்குப் பதில் ஆள் வேண்டுமென்றே ரயில்வேயில் "லீவ் ரிசர்வ்" என்று கணக்குப் போட்டு ஆட்களை வைத்திருக்கிறார்கள். சாராயக்கடையில் விற்கிறவர் வரவில்லையென்று கடை பூட்டிக் கிடந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. கோயிலில் குருக்கள் ஊருக்குப் போனால் அவர் மைத்துனர் வந்து மணி அடிக்கிறார். சாமி ஒரு வேளையும் பட்டினி கிடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் வராவிட்டால் மாத்திரம் பதில் ஆள் கிடையாது. நாற்பது பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து காக்காய் எண்ணவேண்டியதுதான். கல்லுச் சாமிக்கு உள்ள கவனிப்பு உயிருள்ள பிள்ளைக்கு இல்லையென்றால் இந்த நாட்டை நாகரிக நாடு என்று எப்படிச் சொல்லுவது?

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்திற்காக நாம் ஒரு கிராமத்திற்குப் போயிருந்தோம். அங்கே இருப்பது ஈராசிரியர் பள்ளி. அதாவது ஐந்து வகுப்புக்கு இரண்டே உபாத்தியாயர். நாம் போனபோது இரண்டு பேருமே இல்லை. மத்தியானச் சோறு ஆக்கும் அம்மாள் அடுப்பங்கரையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்து அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் எங்கேயம்மா?" என்று கேட்டோம்.

"பெரிய டீச்சர் மீட்டிங் போயிருக்காங்க. சின்ன டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்காங்க."

"உனக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?"

"எனக்கா? நான்தான் இவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேனே!" என்றாள்.

தனக்கு யார் என்ற கேள்வியே அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. அதுதான் நமக்குத் துக்கமாயிருந்தது. சோற்றுக்கு அமைப்பாளர், சமையல்காரர், உதவியாளர் என்று மூன்று பேருக்கு இடம் வகுத்த சர்க்கார், பாடத்துக்கு ஒரு ஆள் தவறினால் இன்னொரு ஆள் என்று வகுக்கவில்லை. சோறு போடுவது நல்ல காரியம். அதை நாம் குறை சொல்லவில்லை. வயிற்றுக்கு உள்ள ஏற்பாடு மூளைக்கும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

அன்று மாலை கூட்டம் முடிந்தபின் பெற்றோர் சிலர் சுற்றி நின்றார்கள். ஒரு தாய், "மாசத்தில் பாதி நாள் இப்படித்தாங்க அய்யா. நான் கூலிக்குப் போறவ. போய்க் கேட்டா அந்தக் கோபத்தைப் பிள்ளை மேலே காட்டுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றார். ஒருவர் வட்டிக்கு வாங்கித் தம் பையனை மாத்திரம் வேனில் ஏற்றி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டதாகவும், பெண்ணை இங்கேயே விட்டிருப்பதாகவும் சொன்னார். ஒரு பெரியவர், "எங்க பிள்ளைங்க தலையெழுத்து, வேறென்னத்தைச் சொல்ல?" என்று முடித்துவிட்டார்.

அந்தத் தாயின் பயமும், தகப்பனின் கடனும், பெரியவரின் தலையெழுத்தும் சேர்ந்தே இந்த அநியாயத்தைக் காப்பாற்றி வருகின்றன. ஆகையால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலாவதாக, இது ஏதோ ஒரு ஊர்ச் சங்கதி என்று யாரும் தள்ளிவிடவேண்டாம். 2003ஆம் வருஷத்தில் இந்தியா முழுவதும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பில்லாமல் போய்க் கணக்கெடுத்தார்கள். நூறு உபாத்தியாயரில் 25 பேர் பள்ளியில் இல்லை. மகாராஷ்டிரத்தில் 15 பேர்; ஜார்க்கண்டில் 42 பேர்; நம் தமிழ்நாட்டில் 21 பேர். 2010இல் கிராமங்களில் மறுபடியும் எண்ணியபோதும் இந்திய முழுமைக்கும் ஏறக்குறைய 24 பேர் இல்லை.

ஐந்தில் ஒருவர் இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையில் வருஷத்துக்கு 200 நாள் பள்ளி நடக்கவேண்டும் என்று 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லுகிறது. ஐந்து வருஷத்துக்கு 1000 நாள். இதில் ஐந்தில் ஒரு பங்கு போனால் 200 நாள் போயிற்று. அதாவது ஐந்தாம் வகுப்பு தேறி வெளியே வருகிற பிள்ளை நாலு வருஷந்தான் படித்திருக்கிறது. ஒரு வருஷத்தை யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு மூட்டை நெல் குறைந்தால் ஊரைக் கூட்டுகிற நாம், ஒரு வருஷப் படிப்பு குறைந்ததற்கு ஒரு வார்த்தை கேட்டோமா?

இரண்டாவதாக, இந்தக் கணக்கைக் காட்டி, "வாத்தியார்களெல்லாம் சோம்பேறிகள், சம்பளம் வாங்கிக்கொண்டு வட்டிக்கு விடுகிறார்கள்" என்று பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதை நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். அப்படிப்பட்டவர்கள் இல்லாமலில்லை, அவர்களைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் 2017இல் அசீம் பிரேம்ஜி அறநிலையத்தார் ஆறு மாநிலங்களில் 600க்கு மேற்பட்ட பள்ளிகளில் விசாரித்தபோது, காரணமில்லாமல் வராதவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் என்று கண்டார்கள். வராத மற்றவர்கள் முறைப்படி லீவு வாங்கியவர்கள், பயிற்சிக்கு அழைக்கப்பட்டவர்கள், சர்க்கார் வேலையாக அனுப்பப்பட்டவர்கள். ஆகவே வாத்தியார் ஓடிப்போனதைவிட வாத்தியாரைச் சர்க்காரே கூட்டிக்கொண்டு போனதுதான் அதிகம். திருடனைத் தேடிப் போகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வாக்காளர் பட்டியலா? கூப்பிடு வாத்தியாரை. கணக்கெடுப்பா? கூப்பிடு வாத்தியாரை. குறுவள மையத்தில் பயிற்சியா? பள்ளி நடக்கிற நாளிலேயே கூப்பிடு. பக்கத்து ஊரில் ஆள் இல்லையா? இந்த ஊர் வாத்தியாரை "மாற்றுப் பணி" என்று அங்கே அனுப்பு. இது ஒரு வயலின் நாற்றைப் பிடுங்கி இன்னொரு வயலில் நட்டுவிட்டு, இரண்டு வயலும் விளைந்ததாகக் கணக்கெழுதுவதாகும். ஜனக்கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு வேலைக்கு உபாத்தியாயரை அனுப்பக்கூடாது என்று 2009ஆம் வருஷச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்லுகிறது. தேர்தல் வேலையையும் வாக்காளர் பட்டியல் வேலையையும் சாதாரணமாகப் பள்ளியில்லாத நாளிலும் நேரத்திலும்தான் கொடுக்கவேண்டும் என்று 2007இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, வாத்தியார்தான் இல்லை!

மூன்றாவதாக, பிரசவ லீவு விஷயம். 2021ஆம் வருஷம் ஜூலை முதல் தமிழ்நாட்டுச் சர்க்கார் தன் உத்தியோகப் பெண்களுக்குப் பிரசவ லீவை ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷமாக்கியது. இது நியாயமான, வரவேற்கத்தக்க காரியம். ஆனால் ஆரம்பப் பள்ளிகளில் பெண் உபாத்தியாயர்கள் ஏராளம் என்று தெரிந்த சர்க்கார், அந்த ஒரு வருஷத்துக்கு அந்த வகுப்பில் யார் நிற்பது என்றும் சேர்த்தல்லவா யோசித்திருக்கவேண்டும்? யோசிக்காததால் என்ன நடக்கிறது? "பொம்பளை வாத்தியாரைப் போட்டா இப்படித்தான்" என்று ஊரில் பேசுகிறார்கள். பிள்ளை பெற்ற ஒரு தாயின்மேல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய இன்னொரு தாயைச் சண்டைக்கு விடுகிறார்கள். குற்றம் பெண்ணினுடையதல்ல, பதில் ஆள் வைக்காதவர்களுடையது. பெண்களுக்கு உரிமை கொடுத்துவிட்டு அந்த உரிமைக்கு ஆகிற செலவை ஏழைப் பிள்ளைகள் தலையில் கட்டுவது உரிமை கொடுப்பதாகாது.

"பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். பதில் ஆள் என்றால் இவர்கள் வைக்கிற யோக்கியதையையும் பார்த்திருக்கிறோம். 2022இல் 13,331 காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவானபோது, இடைநிலை ஆசிரியருக்கு நிச்சயித்த தொகுப்பூதியம் மாதம் 7,500 ரூபாய். நிரந்தர இடைநிலை ஆசிரியர் வேலைக்குச் சேரும்போது அடிப்படைச் சம்பளம் மாத்திரம் 20,600 ரூபாய். அதே பிள்ளைகள், அதே பாடம், அதே மணி. கூலி மாத்திரம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நாளொன்றுக்குக் கணக்குப் பார்த்தால் கொத்தனாரிடம் கல் சுமக்கிற சித்தாளுக்கும் இதைவிட அதிகம். இப்படி அரை வயிற்றுக்கு வைக்கிற ஆள் வேறு வேலை கிடைத்த அன்றே போய்விடமாட்டாரா? போனால் அவருக்குப் பதில் ஆள் யார்?

சிலர், "வாத்தியார் வருகையைக் காமிராவில் படம் பிடித்தால் எல்லாம் சரியாய்ப் போகும்" என்கிறார்கள். இராஜஸ்தானத்து உதயபூர்ப் பக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஓராசிரியர் பள்ளிகளில் அப்படிச் செய்து பார்த்தார்கள். தினம் இரண்டு தடவை பிள்ளைகளோடு படமெடுத்து, வந்த நாளைக் கணக்கிட்டுச் சம்பளம் கொடுத்ததில், வராமை நூற்றுக்கு 42இலிருந்து 21ஆகக் குறைந்தது; பிள்ளைகளின் படிப்பும் முன்னேறியது. நல்லதுதான். ஆனால் பாக்கி 21? காய்ச்சலில் படுத்தவரையும் பிரசவித்தவரையும் காமிரா எழுப்பிக் கொண்டுவருமா? ஆள் இல்லை என்பதைக் காமிரா காட்டும். ஆளைக் கொண்டுவந்து நிறுத்தாது.

நான்காவதாக, அந்தப் பெரியவர் சொன்ன தலையெழுத்து. பெரியவரே, உங்கள் பேரனின் தலையில் எழுதியிருப்பதை யாராவது படித்துப் பார்த்ததுண்டா? அவன் சிலேட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்பதை மாத்திரம் நாம் கண்ணாரப் பார்த்தோம். தாலூக்கா ஆபீசில் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைக்கு மாத்திரம் தலையெழுத்து நன்றாக அமைந்து, கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு மாத்திரம் கோணலாக அமைகிறதென்றால், எழுதியவன் பிரம்மாவா, பட்ஜெட் போடுகிறவனா? வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குப் பொரிகடலை வைக்கிறோம். பூஜைக்கு அடுத்த நாள் வகுப்பில் வாத்தியார் இல்லாவிட்டால் சரஸ்வதி வந்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாளா?

இதன் பலன் யாரைச் சேருகிறது என்பதுதான் முக்கியம். படித்த தாய்தகப்பன் உள்ள வீட்டில் வாத்தியார் வராத நாளை அம்மா ஈடு செய்துவிடுவாள். அல்லது டியூஷன் வைத்துவிடுவார்கள். தலைமுறையில் முதல்முதலாக எழுத்துப் படிக்க வந்த பிள்ளைக்கு வாத்தியார்தான் வீடு, வாத்தியார்தான் டியூஷன். அவர் வராத நாள் அந்தப் பிள்ளை ஆட்டின் பின்னாலும், அண்ணனோடு செங்கல் சூளைக்கும் போகிறது. 1953இல் இராஜகோபாலாச்சாரியார் கிராமப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் போட்டார். இருக்கிற வாத்தியார்களைக் கொண்டே இன்னொரு மடங்கு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிடலாம் என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. குலக்கல்வி என்று நாடே கொதித்து எழுந்தது. 1954இல் காமராசர் முதல் மந்திரியானதும் அந்தத் திட்டம் ஒழிந்தது. அன்று உத்தரவு போட்டு அரை நாள் பறித்தார்கள், எதிர்க்க முடிந்தது. இன்று உத்தரவே இல்லாமல் நாள் முழுதும் போகிறது. யாரை எதிர்ப்பது என்று தெரியாமல் நிற்கிறோம். குலக்கல்வி வாசல் வழியாக வந்தால் விரட்டத் தெரிந்த நமக்கு, காலி நாற்காலி வழியாக வந்தால் அடையாளம் தெரியவேண்டாமா?

என்ன செய்யவேண்டும்?

சர்க்கார் செய்யவேண்டியது: ஒவ்வொரு ஒன்றியத்திலும் பத்து ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு பேராவது, முழுச் சம்பளத்தில், லீவுக்குப் பதிலாகப் போவதற்கென்றே நிரந்தர உபாத்தியாயர்களை நியமிக்கவேண்டும். பயிற்சியை விடுமுறை நாளில் வைத்து அதற்கு ஈடு கொடுக்கவேண்டும். ஒரு பள்ளியில் காலியிடம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்லுகிறது. இரண்டு பேர் உள்ள பள்ளியில் ஒரு இடம் காலியானால் அது நூற்றுக்கு ஐம்பது என்ற சின்னக் கணக்காவது ஆபீசர்களுக்குத் தெரியவேண்டும்.

பெற்றோர் செய்யவேண்டியது: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாயிருக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்லுகிறது. அந்தக் குழுவை டீ குடித்துக் கையெழுத்துப் போடுகிற கூட்டமாக்காதீர்கள். இன்று யார் லீவு, எதற்காக, அந்த வகுப்பை யார் பார்க்கிறார்கள் என்று தினமும் பள்ளி வாசல் பலகையில் எழுதச் சொல்லுங்கள். மாதத்தில் எத்தனை நாள் வகுப்பு வெறுமையாயிருந்தது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். அந்த நோட்டை வைத்துத் தீர்மானம் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலர் முதல் மந்திரி வரையில் அனுப்புங்கள். தனியாகப் போய்க் கேட்டால் உங்கள் பிள்ளைமேல் கோபம் வரும்; நாற்பது தாய்மார் சேர்ந்து போனால் யார் கோபம் என்ன செய்யும்? வாத்தியாரையும் உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்பை ஒற்றை ஆளாக மேய்க்கிற அவருக்கும் இது விடுதலைதான்.

அந்த ஐந்தாம் வகுப்புப் பெண் இந்நேரம் ஆறாம் வகுப்புக்குப் போயிருப்பாள். ஒரு வருஷம் சம்பளமில்லாமல் அவள் இந்தச் சர்க்காருக்கு வாத்தியார் வேலை பார்த்திருக்கிறாள். அந்த வருஷத்தில் அவள் படித்திருக்கவேண்டிய பாடத்தை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது? இதற்குச் சர்க்கார் பதில் சொல்லுமா? சொல்லும்வரையில் பெற்றோர்கள் விடாமல் கேட்பார்களா?