முதலும் ஐந்தில் ஒரு பங்கும்



மௌலா அலியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பல, இரயில்வே வேலையின் நிமித்தம் இங்கு வந்தவை. லோகோ ஷெட்டில் இரவுப்பணி முடித்து, உறக்கத்தையும் ஒதுக்கிவைத்து, உபவாச ஜெபத்திற்கு வந்து அமருகிற சகோதரரைக் காணும்போது உள்ளம் உருகுகிறது. அவர்கள் கேட்பதெல்லாம் எழுப்புதலே. அது எவ்விதமாய் வருகிறது என்பதை நம் சொந்த மண்ணின் சரித்திரமே போதிக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பிற்கு அருகே, 1840ஆம் ஆண்டில் கிறிஸ்டியான்பேட்டை என்னும் ஊரை நிறுவியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். மிஷன் சம்பளத்தைச் சாராமல் விசுவாசத்தினால் ஊழியஞ்செய்த தமிழர். 1860ஆம் ஆண்டில் அங்கும் வடதிருநெல்வேலிச் சபைகளிலும் ஆவியானவர் பலமாய் அசைவாடினார். அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் விளங்கினதாக அக்காலத்துக் குறிப்புகள் கூறுகின்றன. அசுசா தெரு எழுப்புதலுக்கு (1906) 46 ஆண்டுகளுக்கு முன்னரே நம் தென்சீமையில் இது நடந்தது என்று கன்வென்ஷன் மேடைகளில் பெருமையாய்ச் சொல்லுகிறோம். சொல்லவேண்டியதே. ஆயினும் அதே குறிப்புகளில் உள்ள கண்ணீரை நாம் அதிகமாய்ப் பேசுவதில்லை. ஞானஸ்நானம் பெற்று, ஆராதனைக்கு ஒழுங்காய் வந்துகொண்டிருந்த கிறிஸ்தவர்களே மார்பில் அடித்து அழுது, தங்கள் பாவங்களை அறிக்கையிட்டார்கள். புறஜாதியாருக்காக ஆயத்தம்பண்ணின பிரசங்கம், உள்ளே இருந்தவர்களையே முதலாவது குத்தியது.

வேல்ஸ் தேசத்து எழுப்புதலிலும் (1904-05) பழைய கடன்கள் திருப்பிச் செலுத்தப்பட்டன. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வசைச்சொல்லை விட்டுவிட்டபடியால், அந்த வசைக்கே பழகியிருந்த குதிரைகள் கட்டளை விளங்காமல் நின்றுவிட்டன என்றும் சொல்லுவார்கள். குதிரைகூட அறிந்துகொள்ளத்தக்க மனந்திரும்புதல்!

லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். அயலானை வஞ்சித்தவன், எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவனுக்குக் கொடுக்கவேண்டும். குற்றநிவாரணபலி அதற்குப் பின்னரே பேசப்படுகிறது. 500 ரூபாய் எடுத்தவன் 600 ரூபாய் கொடுக்கவேண்டும். பலி செலுத்தியாயிற்று, ஆகையால் பணத்தைத் திரும்பக் கொடுக்கவேண்டியதில்லை என்று வாதிக்க அங்கே இடமில்லை. சகேயு நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்த முன்வந்ததும் (லூக்கா 19:8) இரட்சிப்பைக் கிரயத்திற்கு வாங்குவதற்காக அல்ல. இரட்சகர் அவன் வீட்டிற்குள் வந்துவிட்டபடியினால்.

நம் காரியம் என்ன? நம் இரயில்வே பாஸில், நம் குடும்பத்தார் என்று பெயர் சொல்லி வேறொருவர் பயணஞ்செய்திருக்கலாம். செய்யாத வேலைக்கு ஓவர்டைம் எழுதப்பட்டிருக்கலாம். சபை விசுவாசியிடம் வாங்கிய கைமாற்று, அவர் கேட்கக் கூச்சப்படுவதால் அப்படியே நின்றுபோயிருக்கலாம். ஊரிலே தகப்பனார் வீட்டுப் பத்திரத்தில், தங்கையின் கையெழுத்து எவ்விதம் வாங்கப்பட்டது என்பது தங்கைக்கும் நமக்கும் கர்த்தருக்கும் தெரியும். இவைகளைச் சுமந்துகொண்டு, "ஆண்டவரே, என்னைப் புதுப்பியும்" என்று இரவெல்லாம் கதறினாலும், ஆவியானவர் மறுபடியும் அந்தப் பத்திரத்தையே நினைப்பூட்டுவார். அந்த உறுத்தலைச் சத்துருவின் குற்றச்சாட்டு என்று கடிந்துகொள்ளுகிறவர்களும் உண்டு. அது மகா ஆபத்து.

ஒரு எச்சரிப்பும் அவசியம். எல்லாவற்றையும் சபை நடுவே ஒலிபெருக்கியில் சொல்லவேண்டும் என்று வேதம் கற்பிக்கவில்லை. பிறருடைய மானத்தைக் கெடுக்கும் அறிக்கை அவர்களுக்கு இரண்டாம் அநியாயமாகும். யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடமே போகவேண்டும். நாவெழாவிட்டால், நம்பத்தக்க மூப்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். இரயில்வேக்கு உரியதை, அந்தத் தூரத்திற்கு ஒரு பயணச்சீட்டு எடுத்துக் கிழித்துவிட்டாவது செலுத்தலாம். தங்கைக்கு மட்டும் மணியார்டர் போதாது. அடுத்த விடுமுறையில், மனைவியையும் அழைத்துக்கொண்டு, பத்திரத்தோடு நேரில் செல்லுங்கள்.