தொண்டுக்கழகங்களும் தமிழிளைஞரும்

ஊர்க்கு உழைக்க முன்வரும் எவரையும் பழித்தல் நம் நோக்கமன்று. சுழற்கழகம் எனவும் அரிமாக் கழகம் எனவும் நம் நகர்தோறும் இயங்கும் தொண்டுக்கழகங்கள் ஆற்றும் கண்மருத்துவப் பணியும், குருதிக்கொடையும், பள்ளிகட்குக் கட்டித்தரும் கழிப்பிடமும் குடிநீர்த் தொட்டியும் நன்றியோடு நினைக்கத் தக்கனவே. ஆயின், இக் கழகங்கள் நம் இளைஞர்க்கு எதனைக் கற்பிக்கின்றன, எதனைக் கற்பியாது விடுகின்றன என்று கேட்பது நம் கடமை.

சுழற்கழகம் 1905-ஆம் ஆண்டு பிப்பிரவரி 23-ஆம் நாள் அமெரிக்கச் சிக்காகோ நகரில், பால் ஆரிசு என்னும் வழக்கறிஞரும் அவர்தம் நண்பர் மூவரும் கூடிய கூட்டத்தில் தோன்றியது. உறுப்பினர்தம் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழன்று கூடினமையின் அப் பெயர் பெற்றது. தமக்குள் நட்பும் தொழில் வளர்ச்சியும் நாடிக் கூடியோர், 1907-இல் அந் நகரத்தே பொதுக் கழிப்பிடம் அமைக்கும் முயற்சியில் இறங்கினர். அன்றே அக் கூட்டம் தொண்டுக்கழகமாயிற்று. போலியோ என்னும் பிள்ளை முடக்குநோயை ஒழிக்க 1985-இல் அக் கழகம் உலகளாவிய முயற்சியைத் தொடங்கிற்று. 1988-இல் 125 நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 பேரைத் தாக்கிய நோய் அது. அரசுகளும் உலக நலவாழ்வு நிறுவனமும் கைகோத்து உழைத்தமையின், இந்தியாவில் 2011 சனவரிக்குப் பின் இயற்கைப் போலியோ நச்சுயிரியால் அந் நோய் தோன்றவில்லை; 2014 மார்ச்சு 27-இல் அதற்கு முறையான சான்றும் கிடைத்தது. இஃது உண்மையான தொண்டு.

இனி இளைஞர் பக்கம் வருவோம். பள்ளி மாணவர்க்கென ‘இண்டராக்ட்டு’ என்னும் கிளைக்கழகத்தை 1962-இல் அமெரிக்கப் புளோரிடாவின் மெல்பர்ன் நகர்ப் பள்ளியில் 23 மாணவரைக் கொண்டு நிறுவினர். அதனையடுத்து இரண்டாம் கழகம் தோன்றியது எங்கே தெரியுமா? நம் தஞ்சையில்! உலகளாவிய ஒரு மாணவர் இயக்கம் அமெரிக்காவுக்கு அப்பால் வைத்த முதல் அடி தமிழ் மண்ணிலேயே வீழ்ந்தது. மாணவரே தம் தலைவரைத் தேர்ந்து, ஆண்டுக்கு இரு பணிகளேனும் தாமே திட்டமிட்டுச் செய்ய வேண்டும் என்பது அதன் நெறி. நன்னெறியே! ஆயின், அந் நெறி நம் ஊர்களில் நின்றதா?

சில ஆண்டுகட்கு முன் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் பணியேற்பு விழாவிற்குச் சென்றிருந்தேன். வரவேற்பு ஆங்கிலம், உறுதிமொழி ஆங்கிலம், நன்றியுரையும் ஆங்கிலம். தலைவனாக அமர்த்தப் பெற்றவன் ஆங்கிலவழி வகுப்பு மாணவன். பள்ளியை அடுத்த குளக்கரையில் வேப்பங்கன்றுகளை நட்டுக் கோடை முழுதும் குடத்தில் நீர் சுமந்து காத்த தமிழ்வழி மாணவனோ, அரங்கின் பின்புறம் நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தான். “நீ ஏன் இக் கழகத்தில் சேரவில்லை?” என்றேன். “எனக்கு ஆங்கிலம் பேச வாராது, ஐயா” என்றான்.

தொண்டு செய்தவன் வெளியே. தொண்டைப் பற்றிப் பேசத் தெரிந்தவன் உள்ளே! அம் மாணவன் அன்று கற்றுக்கொண்டது யாது? தலைமை என்பது தனக்கு உரியதன்று; நாற்காலி சுமப்பதே தன் பங்கு என்பதன்றோ? ஒரு தலைமுறையின் நெஞ்சுரத்தை இதனினும் எளிதாய் முறிக்க வழியில்லை.

‘உலகத் தொடர்புடைய கழகமாதலின் ஆங்கிலம் வேண்டுமே’ என்பார் உளர். சப்பானியர் தம் சுழற்கழகங்களைச் சப்பானிய மொழியிலும், பிரேசிலியர் போர்த்துக்கீசிய மொழியிலும் நடத்துகின்றனர். அதனால் அவர்தம் உலகத் தொடர்பு அறுந்துவிடவில்லை. அரிமா என்னும் தூய தமிழ்ப்பெயரை உறுப்பினர் தம் பெயர்க்கு முன் பெருமையோடு பூண்டுகொள்கின்றனரே! பெயருக்கு இசைந்த தமிழ் பேச்சுக்கு இசையாதா?

வள்ளுவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரத்திலும் ஈகையை 23-ஆம் அதிகாரத்திலும் வேறு வேறாக வைத்தார். இல்லாத ஒருவர்க்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒன்றி ஊர்ப்பொதுவிற்கு உதவுவது ஒப்புரவு. ஊருணி தன்னைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. ஊர்நடுவே பழுத்த மரம் பறிப்பவரோடு நின்று நிழற்படம் எடுத்துக்கொள்வதுமில்லை. ஏழை மாணவனுக்குச் சுவடி கொடுத்துச் செய்தித்தாளில் படம் போடுவது ஈகையாகலாம். அம் மாணவன் கையிலேயே பொறுப்பையும் பணத்தையும் கொடுத்து ஊர்ப்பணியை நடத்தச் செய்வதே ஒப்புரவுக்குப் பயிற்சி.

ஆகலின் தொண்டுக்கழகத்தார்க்கு நம் வேண்டுகோள் மூன்று. மாணவர் கழகங்களின் உறுதிமொழியும் உரையாடலும் கணக்கும் தமிழில் நடைபெறுக. தலைமைக்கு நாத்திறனை அளவாகக் கொள்ளாது, ஆற்றிய பணியை அளவாகக் கொள்க. எப்பணி செய்வது என்பதை மாணவரே முடிவு செய்ய விடுக.

தமிழிளைஞனே! நாற்காலி அடுக்கும் வேலை இழிவன்று. அதனோடு நின்றுவிடுதலே இழிவு. உள்ளே போ, உன் மொழியில் பேசு. இடம் தர மறுப்பின், உன் தோழர் பதின்மரைத் திரட்டி உன் தெருவிலேயே ஓர் ஒப்புரவு மன்றம் அமை. குளக்கரை வேம்பு எவர் மொழி கேட்டும் வளரவில்லை. நீ ஊற்றிய நீரால் வளர்ந்தது.